சாரைப் பாம்பின் நியாயம்

சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் சித்திரப் புத்தகங்களில் காளியையும் சாரைப் பாம்பையும் பற்றிய கதை எனக்குப் பிடித்தமானது. எழுதியவர் ஸாய் விட்டேகர். படங்கள் ஸ்ரீவித்யா நடராஜன். காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். வறுத்த கறையான் அவனுடைய தின்பண்டம். பள்ளிக்கூடத்தில் அவனைக் கண்டு மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு நாள் வகுப்புக்குள் சாரை வந்துவிடுகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அன்றோடு அவன் எல்லோருக்கும் வேண்டியவனாகிவிடுகிறான்.

இருளர் பையன் ஒருவனைக் கதாநாயகனாக்கியதே பெரிய காரியம். பரிதாபத்துக்குக் கை ஏந்தாமல் ஆக்கியிருக்கிறார், அது இன்னும் பெரிது. இருந்தும் அந்த முடிவு என்னை உறுத்துகிறது.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துக் கடலைக் காடுகளில் சாரையைக் கண்டால், "அடிக்காதே, எலி தின்னும்" என்று சொல்வார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அது பாம்புக்குச் சொல்லும் நியாயம். பிள்ளைக்கும் அதே நியாயமா? காளிக்குப் பாம்பென்றால் பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கதி என்ன?

பெரியவர்கள் உலகமும் இப்படித்தான் இருக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு, பாம்பு பிடிக்கும் திறமைக்காக, 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் மரியாதைக்கு வித்தைதான் விலை என்றால், வித்தை தெரியாதவன் எங்கே போவான்?

ஆண்டர்சன் 1843-ல் எழுதிய வாத்துக்குஞ்சுக்கும் அன்னமான பிறகுதான் இடம் கிடைத்தது. மன்ரோ லீஃபின் ஃபெர்டினாண்ட் என்ற காளை வேறு மாதிரி. 1936-ல் வந்த புத்தகம் அது. மற்றக் கன்றுகள் முட்டி விளையாட, அது பூவை முகர்ந்துகொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறது. தாய்ப்பசு கவலையோடு விசாரிக்கிறது. பிள்ளை சந்தோஷமாக இருப்பதைக் கண்டதும் அப்படியே விட்டுவிடுகிறது. காளை கடைசிவரை எந்தச் சாகசமும் செய்வதில்லை. குழந்தைக்குச் சொல்ல வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காளியின் கதைக்குள்ளேயே இதற்கு வழி இருந்தது. மழைக்காலத்தில் ஈசல் பிடித்து வறுத்துத் தின்றவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான் அல்லாமல் வேறென்ன? பக்கத்துப் பையன் காளியிடம் ஒன்றை வாங்கி வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். பாம்பு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.