ஸ்பின்னை நிறுத்துவது வால்தான்

ஏரோபாட்டிக்ஸ் போட்டியில் விமானம் சுழன்றபடி விழும் ஸ்பின்னுக்கான மதிப்பெண், எத்தனை வேகமாகச் சுற்றியது என்பதற்காகக் கிடைப்பதில்லை. விமானம் உயரம் மாறாமல் வேகம் குறைந்து ஸ்டால் ஆக வேண்டும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்க வேண்டும். மூக்கும் ஒரு பக்க இறக்கையும் ஒருசேரச் சரிய வேண்டும். சொன்ன சுற்று முடிந்ததும் நின்று செங்குத்தாக இறங்க வேண்டும். ஸ்டால் ஆகாமல் சுழன்று இறங்கி ஏமாற்றினால் பூஜ்யம்.

ஸ்டால் ஆகும்போது விமானம் ஒரு பக்கம் திரும்பினால், உள்பக்க இறக்கை ஆழமாக ஸ்டால் ஆகி இழுவை கூடும். அந்த இழுவையே சுழற்சிக்குத் தீனி. இரட்டை இறக்கை விமானங்களில் மேலிறக்கையை முன்தள்ளி வைத்து, அது முந்தி ஸ்டால் ஆகும்படி அமைப்பது வழக்கம். 1972 உலகப் போட்டியில் சார்லி ஹில்லார்டுக்குப் பட்டம் வாங்கித் தந்த பிட்ஸ் விமானம் இந்த வகைதான். எடை மையம் பின்னுக்குப் போனால் மூக்கு நிமிர்ந்து ஸ்பின் தட்டையாகும், மீள்வதும் கடினம்.

எஞ்சினைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிட்ஸின் லைகாமிங் எஞ்சின், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லரை வலஞ்சுழியாகச் சுற்றும். இடப்புற ஸ்பின்னில் த்ராட்டிலைத் திறந்தால் சுழலும் புரொப்பெல்லரின் கைரோ விளைவு மூக்கைத் தூக்கித் தட்டையாக்கும். பழைய பயிற்சி விமானமான டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் இடஞ்சுழி; அதில் வலப்புற ஸ்பின்னுக்குத்தான் இந்தத் தொல்லை. முதலில் த்ராட்டிலை மூடு என்று பயிற்சியில் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் கடைசித் தீர்ப்பு வாலின் கையில். ஸ்பின்னில் காற்று கீழிருந்து வருவதால், கிடைவால் அதை மறைத்து, செங்குத்து வாலிலுள்ள ரட்டரின் ஒரு பகுதிக்குக் காற்று எட்டாது. டைகர் மாத்தில் கூடுதல் எடைகள் ஏறியபின் மீள்வது சிரமமாகவே, 1940களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கிடைவாலுக்கு முன்னால் ஒடுங்கிய தகடுகளைப் பொருத்தினார்கள்.

ஜெட் விமானத்திலும் கதை மாறவில்லை. எச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய பயிற்சி ஜெட்டான எச்.ஜே.டி.-36 சிதாரா 2003இல் பறந்தும் ஸ்பின்னில் வருடக்கணக்காகத் திணறியது. செங்குத்து வாலை இடம் மாற்றி, ரட்டரை நீட்டியபின், 2022 ஜனவரியில் இடம், வலம் இரு பக்கமும் ஆறு சுற்று ஸ்பின் போட்டு மீண்டுவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. இறக்கையில் குற்றம் தேடுவதைவிட வாலைப் பார்ப்பது நல்லது.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் உண்டு. டெல்டாக் கடலோரத்திலுள்ள தலத்தெரு கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்தான். ஆனால் வெயில் 37 டிகிரியைத் தொட்டால் அங்குள்ள காற்று சுமார் 2,600 அடி உயரக் காற்றைப் போல மெலிந்துவிடும். மெலிந்த காற்றில் ஸ்பின்னிலிருந்து மீள இழக்கும் உயரமும் கூடும். எனவே மே மாதம் டெல்டாக் கடலோரத்தில் சாகசம் செய்பவர், மார்கழியில் தொடங்கியதைவிட உயரத்தில்தான் ஸ்பின்னைத் தொடங்க வேண்டும்.