பசுமைக் கட்டடத்திற்கு வெள்ளோட்டம் உண்டா?

புதிதாகச் சமைத்த தேரைத் திருவிழாவிற்கு முன்னரே வீதியில் இழுத்துப் பார்ப்பது எம்மவர் மரபு. மூர்த்தி எழுந்தருளாத அத்தேரின் அச்சு முறுகுகின்றதா, சில்லு சாய்கின்றதா, முட்டுக்கட்டை தாங்குகின்றதா என்பன அன்றே அறியப்படும். வெள்ளோட்டம் என நாம் வழங்கும் இதனையே கட்டடக் கலைஞர் இக்காலத்தில் ஒரு தனித்துறையாக வளர்த்துள்ளனர். மின்னிணைப்பு, நீர்க்குழாய், காற்றோட்டம் முதலியன வரைபடத்திற் கண்டவாறு தொழிற்படுகின்றனவா என்று, குடிபுகுமுன் இயக்கிப் பார்த்துச் சான்று கூறுதல் அத்துறையின் பணியாகும். பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள் இதற்கு உரிய இடத்தை அளிக்கின்றனவா என்பதை, மலையகத்தை உரைகல்லாகக் கொண்டு நோக்குவோம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1998இல் தோன்றிய லீட் என்னும் முறையே இத்தகைய சான்றுகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது. எமது நாட்டில் இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையும் தனக்கென ஒரு தரமிடு முறையை வகுத்துள்ளது. லீட் முறையில் வெள்ளோட்டம் கட்டாய முன்நிபந்தனை. இது மெச்சத்தக்கதே. ஆயின், எதனை ஓட்டிப் பார்க்கின்றனர்? குளிரூட்டி, விளக்கு, வெந்நீர்க் கலன் ஆகிய எரிசக்திச் சாதனங்களையே பெரிதும் பார்க்கின்றனர். சுவரும் கூரையும் மழையைத் தாங்குமா எனச் சோதித்தல், விரும்பினோர் ஈட்டும் மேலதிகப் புள்ளியாகவே நின்றுவிடுகின்றது. சோதித்த சாதனங்களிலேனும் பயன் உறுதியோவெனின், 121 லீட் கட்டடங்களை ஆராய்ந்து 2008இல் அமெரிக்காவில் வெளியான அறிக்கை, சராசரிப் பயன் நன்றெனக் கண்டபோதும், அவற்றுட் சில எதிர்பார்த்ததிலும் மிகுதியான எரிசக்தியை விழுங்கியதையும் மறைக்கவில்லை.

சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் வீட்டிற்குக் குளிரூட்டி எதற்கு? மூடுபனியும் ஓயா மழையும் ஈரச் சுவரும் விறகடுப்பின் புகையுமே இங்குள்ளார் பகை. பிறர் மேலதிகம் என ஒதுக்கிய கூரையும் வடிகாலுமே இங்கு முதன்மையானவை. யான் முன்னர்க் கற்பித்த பாடசாலையொன்றில் புதிய வகுப்பறைத் தொகுதியை வெயில் எறிக்கும் பங்குனி மாதத்திலே திறந்துவைத்தனர். நாடா வெட்டினர், மாலை இட்டனர், உரைகள் நீண்டன. ஆனி மாதத்து முதற் பெருமழையில், கூரைநீர் முழுவதும் பீலி வழியே இறங்கி, பின்புறத்து அணைசுவரின் அடிவாரத்தைக் குடைந்தது. கற்கள் சரிந்தன, ஒரு தவணை முழுவதும் மாணவர் மண்டபத்தில் அமர்ந்து கற்றனர். திறப்பதற்கு முன் பீலியில் பத்து வாளி நீரை ஊற்றிப் பார்த்திருப்பின் குழாயின் முனை எங்கே திறக்கின்றது என்பது புலனாகியிருக்கும். அதற்குப் பணமும் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை.

இனி, உள்ளூர்ச் சட்டத்தின் நிலை. லீட் முறையின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, அவ்வவ்விடத்துச் சுற்றாடற் சட்டங்களுக்கு அமைதலைத் தொடக்க நிபந்தனையாகக் கூறிற்று. 2013இல் வந்த பதிப்பின் தொடக்க நிபந்தனைகளில் அது இல்லை. சட்டத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்பதே இதன் உட்கிடை போலும். அரசு பார்த்துக்கொள்ளும் நாட்டில் அது பொருந்தும். இலங்கையில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டமே, அது நடைமுறையிலுள்ள பகுதிகளில், இணக்கச் சான்றிதழின்றிப் புதுக்கட்டடத்திற் குடிபுகலாகாது என விதித்தது. அச்சான்றினை வழங்குவது உள்ளூராட்சி மன்றம். தோட்டங்களிலோ அம்மன்றத்தின் கை எட்டவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதியைச் செலவிட இடந்தராது எனவே பொருள்கொள்ளப்பட்டு வந்தது; 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. வரிசையாய்ச் சுவர் பகிர்ந்து, 10 அடிக்கு 12 அடி அறைகளாய் ஒரே தகரக்கூரையின்கீழ் நின்ற லயங்களை, வாக்குப் பெற்ற சபையினர் வாசலில் நின்று நோக்க மட்டுமே முடிந்தது.

மலைச்சரிவில் முதற் பசுமை விதி மண்ணைப் பற்றியது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியைப் பெறவேண்டும் என 2011இல் சுற்றறிக்கை வந்தது. அயல் மாவட்டமாகிய பதுளையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து மக்கள் இடம்பெயர வேண்டும் என அந்நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எனினும் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியபோது லயங்கள் அங்கேயே இருந்தன. அறிவு இருந்தது; ஆணையும் இருந்தது; வேறிடத்து வீடுதான் இருக்கவில்லை. இதனை எந்தப் புள்ளிப் பட்டியலில் எந்த நிரலில் எழுதுவது?

பழையதைப் பேணிப் பயன்கொள்ளலும் பசுமையே. கந்தப்பளையில் ஓய்ந்துகிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இடிக்கப்படாது 1996இல் விடுதியாக மாறியமை கண்ணுக்கு இனிய காட்சி. கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் துயில்கின்றனர். ஆயினும், அத்தகைய கவனம் விருந்தினருக்குக் கிடைத்த அளவில் கொழுந்து பறிப்போருக்குக் கிடைத்ததா என்னும் வினா எழாமல் இல்லை.

இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் 4,000 எழுந்தன. மேலும் 10,000 வீடுகள் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. லயத்தினின்றும் தனிவீட்டிற்கு வருதல் பெரும் பேறு; அதனைக் குறைத்துரைப்பது என் கருத்தன்று. இவ்வீடுகளுக்குத் தங்கச் சான்றும் வெள்ளிச் சான்றும் வேண்டா. திறவுகோலைக் கையளிக்குமுன், தென்மேற்குப் பருவமழை நாளொன்றில் பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் வீட்டின் பின்புறத்து மண்வெட்டையும், பீலியின் முனையையும், புகைபோக்கியையும், மலசலகூடக் குழியையும் நேரிற் பார்த்துக் கையொப்பமிடட்டும். அடுத்த ஆண்டு அதே மழையில் மீண்டும் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.