விரல் நுனியில் ஒரு லேண்ட் ரோவர்

பாகான் டத்தோ வட்டாரத்தில் நிலம் தட்டை. சடக்கு அப்படி இல்லை. தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் வந்து கடல் பக்கம் திரும்பினால், இளகிய களிமண்ணின்மேல் போட்ட தார் அங்கங்கே அமுங்கி மேடும் பள்ளமுமாக ஓடும். இருபுறமும் தென்னையும் செம்பனையும், ஓரத்தில் கால்வாய். புது ஹைலக்ஸ் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் போய்விடும். பழைய லேண்ட் ரோவர் எதிரே வந்தால் ஓட்டுகிறவரின் கைகளைப் பாருங்கள். நேர்ச் சடக்கிலும் அவை சும்மா இருக்காது. தோணிக்காரர் துடுப்புப் போடுவதுபோல் இடதும் வலதும் போய்க்கொண்டே இருக்கும். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்பார். அது வண்டியின்மேல் போடும் வீண்பழி. ஒழுங்காகப் பராமரித்த 1965ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் இதே சடக்கில் ஒரு கைப்பிடியில் நேராகப் போகும். அலைகிற வண்டியில் எங்கேயோ கோளாறு இருக்கிறது. அது எங்கே என்று விரலால் தேடிப் பிடிக்கிற வித்தை எனக்கு நாதஸ்வரக் கச்சேரி அளவுக்குச் சுவையானது.

இந்த வண்டிக்கும் பேராக் மாநிலத்துக்கும் நாள் பொருத்தம் உண்டு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக வெளியே வந்தது. ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் தொடங்கியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ராணுவத்தோடும் போலீஸோடும் தோட்ட நிர்வாகத்தோடும் சேர்ந்து இந்த வண்டி மலாயாவில் ஊன்றிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தொரை வண்டி. போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸ் மட்டும் எஃகு. மலாக்கா நீரிணையின் உப்புக்காற்றில் இதன் விளைவு வேடிக்கையானது: மேலே அறுபது வயது தெரியாது, அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். ஸ்டீரிங்கின் முக்கிய உறுப்பு ஒன்று அந்தச் சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்துக்குள்தான் செருகப்பட்டிருக்கிறது.

1958இல் வந்த சீரிஸ் 2 முதல் 1985இல் நின்ற சீரிஸ் 3 வரை ஸ்டீரிங் அமைப்பு அடிப்படையில் ஒன்றே. ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து ஒரு நீளத் தண்டு முன்னோக்கிப் போகும். அது முன் சட்டத்தில் இருக்கும் ரிலேயைத் திருப்பும். ரிலேயின் கீழ்க்கை இன்னொரு தண்டால் ஒரு சக்கரத்தை இழுக்கும். அந்தச் சக்கரத்தை மறு சக்கரத்தோடு டிராக் ராட் இணைக்கும். மூன்று தண்டுகள், ஆறு பால் ஜாயிண்ட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை தேய்ந்தால் போதும். எல்லாம் கூடி ஸ்டீரிங் வட்டத்தில் நான்கு விரற்கடை ஆட்டமாகிவிடும். அதனால்தான் 'எது கெட்டது' என்று ஒற்றைக் குற்றவாளியைத் தேடுகிறவர்கள் தோற்கிறார்கள். யார் யார் எவ்வளவு என்று பங்கு பிரிக்கத் தெரிந்தவரே போர்மன்.

நல்ல போர்மன் வண்டியை உடனே ஜேக் போட்டுத் தூக்க மாட்டார். டயர் காற்றைப் பார்ப்பார். நான்கு டயரும் ஒரே வகையா, முன்னால் ரேடியலும் பின்னால் பழைய கிராஸ்பிளையுமா என்று பார்ப்பார். பிறகு உங்களைக் கேள்வி கேட்பார். எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதா? அப்படியானால் அது பிரேக்காகவோ டயராகவோ இருக்கலாம், அலைச்சல் வேறு. பிரேக் மிதித்தால் மட்டுமா? எண்ணெய் மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறு பக்கமா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு ஆமாம் என்று சொன்னால் அவர் பின்பக்கம் போய்விடுவார். பின் ஸ்பிரிங் பட்டையின் புஷ் தேய்ந்தாலோ யூ போல்ட் தளர்ந்தாலோ பின் அச்சே லேசாகக் கோணிக்கொள்ளும்; வண்டியைப் பின்சக்கரங்கள் திருப்பும், பழி முன் ஸ்டீரிங்மேல் விழும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் சைட் ஸ்லிப் தட்டின்மேல் ஏற்றினால் சக்கரம் எவ்வளவு பக்கவாட்டில் நழுவுகிறது என்று எண் வரும். தேறியதா இல்லையா என்பதற்கு அது போதும். காரணம் எங்கே என்று அந்தத் தட்டு சொல்லாது.

அடுத்ததுதான் கச்சேரியின் உச்சம். வண்டி தரையில், நான்கு சக்கரமும் பாரம் தாங்கி நிற்க, போர்மன் அட்டை விரித்து அடியில் படுத்துக்கொள்வார். மேலே ஸ்டீரிங்கைப் பிடித்தபடி ஒரு பையன்.

"தம்பி, பைய ஆட்டு. சக்கரம் திரும்பக் கூடாது. ஆட்டம் முடியற வரைக்கும்தான்."

"இப்படியாண்ணே?"

"அவசரப்படாத. நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்தணும்."

பையன் ஒரு அங்குலம் இடது, ஒரு அங்குலம் வலது என்று ஆட்டிக்கொண்டிருப்பான். அடியில் போர்மனின் இடது கை ஒரு பால் ஜாயிண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும். கட்டைவிரல் ஜாயிண்டின்மேல், ஆள்காட்டி விரல் அது பூட்டியிருக்கும் லீவர்மேல், இரண்டும் சந்திக்கும் இடுக்கில். நல்ல ஜாயிண்டில் இரண்டு விரலும் சேர்ந்து நகரும். தேய்ந்ததில் ஒரு விரல் முந்தும், மற்றது பிந்தும். கண்ணுக்கு எட்டாத அந்தப் பிந்தல் தோலுக்குத் தெரிகிறது. தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இப்படியே ஆறு ஜாயிண்டும் ஆகும்வரை அவர் பேச மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவரையும் பார்த்திருக்கிறேன். கொசுவுக்காக என்றார், நான் நம்பவில்லை.

பிறகுதான் ஜேக். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆடினால் பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்வார். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் சக்கரம் திரும்பும் ஸ்விவல் பின். சக்கரத்துக்குப் பின்னால் பளபளக்கும் குரோம் பந்துக்குள் பெரும்பாலான வண்டிகளில் மேலே ரெய்ல்கோ புஷ், கீழே டேப்பர் பேரிங். மேல் பின்னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். கடைசித் தகட்டை எடுப்பதா விடுவதா என்பதில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கும் போர்மனை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

இனி ரிலே. லேண்ட் ரோவர் தெரிந்தவர்கள் பெருமூச்சு விடும் இடம். ஒரு உருளைக் கூட்டுக்குள் வலுவான ஸ்பிரிங், அது பிளந்த டஃப்னால் புஷ்களைத் தண்டின் சரிவின்மேல் மேலும் கீழும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த உராய்வுதான் சக்கரத்தின் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பது. உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும். அதை ஊற்ற யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. காய்ந்தால் ரிலே இறுகும். இங்கேதான் கலையின் நுட்பம்: அலைகிற ஸ்டீரிங் எல்லாம் லூஸான ஸ்டீரிங் அல்ல. ரிலே இறுகிய வண்டியில் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது. நீங்கள் திருத்துகிறீர்கள், அது அங்கேயே நின்றுவிடுகிறது, மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துகிறீர்கள். ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வைத்தியமோ நேர் எதிர். கெட்டிக்காரர் ரிலேயிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கழற்றிவிட்டு, தூக்கிய சக்கரங்களைக் கையால் தள்ளிப் பார்ப்பார். அவை லகுவாகத் திரும்பி, ஸ்டீரிங் மட்டும் கனத்தால் வழக்கு முடிந்தது. ரிலேயைத் துருப்பிடித்த சட்டத்திலிருந்து உருவி எடுப்பது இரண்டு நாள் வேலையாகலாம். ஆர்வக்கோளாறில் வீட்டில் பிரித்துவிடாதீர்கள். அந்த ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் பல்லோ கண்ணோ போய்விடும். டொயோட்டா எஃப்ஜே40 வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் பழைய மாடல்களிலும் சென்டர் ஆர்ம் என்று இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு. (ஊத்தான் மெலிந்தாங் அருகே 1906இல் தொடங்கிய ஜெண்டாராட்டா தோட்டத்தார் செம்பனைக் குலைகளைச் சிறு ரயிலில் ஏற்றிப் பழகியவர்கள். தண்டவாளத்தில் ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை.)

கடைசியில் வர வேண்டியது ஸ்டீரிங் பாக்ஸ். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் வருவதும் அதுதான், ஏனென்றால் அதன்மேல் கைக்கு எட்டும்படி ஒரு சரிசெய்யும் திருகு இருக்கிறது. அரைச் சுற்று இறுக்கினால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும், வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸ் தேய்வது நடுப்பகுதியில்தான். நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் தேயாத ஓரங்களில் பல்லைக் கடிக்கும். முச்சந்தியில் முழுசாக ஒடித்துவிட்டுக் கையை விட்டால் ஸ்டீரிங் திரும்பி வராது. லூஸ் வண்டி இறுகிய வண்டியாக மாறி, முன்னைவிட மோசமாக அலையும்.

எல்லாம் முடிந்தபின் டோ-இன். முன்சக்கரங்களின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் சீரிஸ் வண்டிக்குச் சரி. தேய்ந்த ஜாயிண்டுகளோடு இதை அளப்பது காசுக்குக் கேடு.

பழைய வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது போர்மனின் கை முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். டயருக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காருங்கள். பாக்ஸ் திருகுக்குப் போனால், அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.