தும்பியும் யாமையும்

கோவையினின்று அவிநாசி செல்லும் பெருவழியில் அமைந்த கருமத்தம்பட்டி கடல் காணா ஊர். அப்பக்கத்துத் தென்னந்தோப்புகளின் எருக்குழியைக் கிளறுவார்க்குக் காண்டாமிருக வண்டின் வெண்புழு எளிதிற் கிட்டும். கடல்யாமையோ அவர்க்கு நூல்வழி அறியப்படும் உயிரேயாம். இவ்விரண்டையும் ஒருங்குவைத்து ஆராயப் பழந்தமிழ் இடந்தருகின்றது.

தொல்காப்பிய மரபியல் தும்பியை நாலறிவுயிர் என்னும். உரையாளர் யாமையை ஐயறிவுயிருள் அடக்குவர். உடம்பு, நா, மூக்கு, கண், செவி என எண்ணும் முறையால், தும்பிக்கு இல்லாதது செவியறிவு என்பது பெறப்படும். இன்றைய உயிர்நூலோ, உறைச்சிறகுடைய வண்டுகளுள் சிலவற்றிற்கு ஒலியுணரும் உறுப்புண்டு என்றும், யாமை புறச்செவியின்றியே தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் என்றும் காட்டுகின்றது. செய்யுளில் வரும் தும்பி தேனுண்ணும் கருவண்டு ஆதலின், உறைச்சிறகு வண்டோடு அதனை ஒன்றாக்குதலும் பொருந்தாது. வண்டின் வன்புறம் தடித்த முன்சிறகு. யாமையின் ஓடு விலாவும் முதுகெலும்பும் இணைந்தது. வன்மை ஒன்றே, வழி வேறு.

இனி, குறுந்தொகை இரண்டாம் பாட்டை நோக்குவாம். ஆண்டுக் கொங்கு என்பது பூந்தாது. நம் நாட்டின் பெயரன்று. தலைவன், தலைவி கூந்தலினும் நறிய பூ உண்டோ எனத் தும்பியை வினாவுகின்றான். செவியில்லா உயிரை வினாவுதல் வழுவன்றோ எனின், அன்று. கேளாதனவும் கேட்பனபோலக் கூறப்படும் எனச் செய்யுளியல் அமைதி கூறிற்று. வினாவோ மணம் பற்றியது. மூக்கறிவோ தும்பிக்கு உரியது. எனவே, சான்று கூற வல்லாரிடமே இறையனார் சான்று வேண்டினார் என்க.

அகநானூற்று 160ஆம் பாட்டில், குமிழிஞாழலார் நப்பசலையார், மணலிற் புதைத்த புலவுநாறும் முட்டையைக் குஞ்சு வெளிப்படுங்காறும் ஆண்யாமை காக்கும் என்கின்றார். புதைத்தலும் முட்டையின் வட்ட வடிவும் மெய்க்காட்சியே. காத்தல் அன்று. நம் கிழக்குக் கரையில் ஒதுங்கும் பங்குனி ஆமை இரவிற் குழிதோண்டி ஏறத்தாழ நூறு முட்டையிட்டுக் கடல் புகும். ஆணோ கரையேறுதல் அரிது. சற்றொப்ப ஐம்பது நாள் காப்பது மணலின் வெம்மையே. குஞ்சு ஆணாதலும் பெண்ணாதலும் அவ்வெம்மையின் அளவைப் பொறுத்தன. எருக்குழியில் முட்டையிட்டு நீங்கும் நம் வண்டும் இவ்வகையில் யாமையை ஒத்ததே.

ஆயின் பாட்டுப் பழுதுற்றதோ? இல்லை. தலைவன் தன் காதலைப் பேணுவான் என்னும் உறுதியே ஈண்டு உள்ளுறை. ஆண்யாமையின் காவல் அதற்கு வேண்டப்பட்டது. சங்கப் பாட்டு முழுவதும் இயற்கை நூலே என்று பாராட்டுவாரும், ஒரு செய்தி பிழைபட்டமையாற் பாட்டை இகழ்வாரும் ஒருபெற்றியரே. இருவரும் கண்டதனையும் கருதியதனையும் பிரித்தறியாதவர். தன் விருப்பிற்கு இயையக் கூறாது அறிந்ததனையே கூறுக எனத் தலைவன் தும்பியை வேண்டினான். திறனாய்வாளர்க்கும் அவ்வேண்டுகோளே உரியதாம்.