ஃபோர்ட்ரான் அணி உள்ளீடும் கம்பைலர் மீதான நம்பிக்கையும்

ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு கோப்பிலுள்ள எண்களை அணிக்குள் (அர்ரே) படிப்பதற்குப் பலர் ஒரு குறுக்குவழியைக் கையாள்கின்றனர். எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாததால், 1000 உறுப்புகள் கொண்ட அணியை அறிவித்து, அவை அனைத்தையும் ஒரே ரீட் கூற்றில், அதற்குள்ளேயே எழுதிய டூ மடக்கு மூலம் படிக்கச் சொல்வர். கோப்பு இடையில் முடிந்தால் நிரல் நின்றுவிடாதபடி ஐஓஸ்டாட் சேர்ப்பர். பின்னர் மடக்கு மாறியின் மதிப்பில் ஒன்றைக் கழித்து, அதையே எண்ணிக்கையாகக் கொள்வர். கோப்பில் 37 எண்கள் இருந்தால், பெரும்பாலும் 37 என்றே விடை வரும்.

ஆனால் இந்த விடைக்கு மொழி உறுதி அளிப்பதில்லை. ஃபோர்ட்ரான் 2003 செந்தரத்தின்படி, படிக்கும்போது கோப்பு முடிந்துவிட்டால் அந்தக் கூற்றின் உள்ளீட்டுப் பட்டியலிலுள்ள எல்லா மாறிகளும் வரையறையற்றவை ஆகின்றன. மடக்கு மாறிக்கும் இதே நிலைதான். அதாவது, 38ஆவது உறுப்பு மட்டுமல்ல, முன்பே படித்த 37 உறுப்புகளையும் நம்ப முடியாது. அவை அழியாமல் இருப்பது குறிப்பிட்ட கம்பைலரின் செயல்முறையால் கிடைக்கும் பயனே.

செந்தரத்தை மீறும் எல்லாப் பழக்கங்களும் ஒரே அளவு தீங்கானவை அல்ல. வடிவக் கூற்றில் கோண அடைப்புக்குள் மாறியை எழுதும் வசதி, டிஇசி கம்பைலர்களில் இருந்து வந்த நீட்சி. இன்டெல் கம்பைலர் அதை ஏற்கும். ஜிஃபோர்ட்ரான் பிழை காட்டி மறுக்கும். அங்கே தவறு உடனே தெரிந்துவிடுகிறது. மேற்கண்ட குறுக்குவழியிலோ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. செந்தரத்தைச் சோதிக்கும் விருப்பைக் கொடுத்துத் தொகுத்தாலும் அது பிடிபடாது. வேறு கம்பைலருக்கு மாறும்போது சராசரியோ கூட்டுத்தொகையோ தவறினால், எந்த எச்சரிக்கையும் வராது.

கோப்பில் எத்தனை எண்கள் உள்ளன என்று நேரடியாகக் கேட்கும் வசதி ஃபோர்ட்ரானில் இல்லை என்பதும் இப்பழக்கத்துக்கு ஒரு காரணம். எனினும் எளிய மாற்றுவழிகள் உள்ளன:

1. கோப்பை நாமே உருவாக்கினால், முதல் வரியில் எண்ணிக்கையை எழுதலாம். அதை முதலில் படித்து, அந்த அளவுக்கு அணியை ஒதுக்கிப் பிறகு எண்களைப் படிக்கலாம்.

2. வரிக்கு ஓர் எண் இருந்தால், ஒவ்வொன்றையும் ஒரு தற்காலிக மாறியில் படித்து, ஐஓஸ்டாட் சுழியமாக இருந்தால் மட்டும் அணியில் சேர்த்து, நாமே எண்ணிக்கொள்ளலாம். கோப்பு முடியும்போது தற்காலிக மாறி மட்டுமே பாதிக்கப்படும், அணிக்குச் சேதமில்லை.

இரண்டாவது வழிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நான்கைந்து வரிகளே. "என் கணினியில் சரியாகத்தானே வருகிறது" என்பவர், தம் நிரல் நாளை வேறொருவர் கணினியிலும் ஓடக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.