தான் வைத்த பொறியில் தானே

காட்டெருமையைக் கொன்றாயிற்று. வலக்கை கத்தி பிடித்துத் தோலை உரிக்கிறது. திடீரென்று இடக்கை எருமையைப் பற்றி இழுக்கிறது. வலக்கைக்குக் கோபம். இரண்டும் கட்டிப் புரள்கின்றன; கடைசியில் இடக்கை முழுக்க வெட்டுக்காயம். இரண்டு கைகளும் ஒரே ஆளுடையவை. இன்னொரு நாள் அவன் வாத்துகளைச் சுடப்போட்டுவிட்டுத் தூங்குகிறான். காவலுக்குத் தன் குதத்தை நியமிக்கிறான். நரிகள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. கடமை தவறியதற்குத் தண்டனையாக அதற்குச் சூடு வைக்கிறான். வைத்த பிறகுதான் எரிச்சல் யாருக்கு என்று தெரிகிறது, அலறுகிறான்.

வட அமெரிக்காவின் வின்னபேகோ பழங்குடியினரின் வக்ஜுன்ககா இவன். சாம் ப்ளோஸ்னேக் என்ற வின்னபேகோக்காரர் 1912இல் ஒரு முதியவரிடம் கேட்டுத் தம் மொழியிலேயே எழுதிக் கொடுத்த கதைகளை, மானிடவியலாளர் பால் ராடின் 1956இல் ‘தி ட்ரிக்ஸ்டர்’ என்ற நூலாக்கினார். இத்துறையில் அதற்குப் பின் எழுதியவர்கள் எல்லாரும் அந்த நூலோடு ஏதோ ஒரு வகையில் வாதாடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

ட்ரிக்ஸ்டருக்குத் தமிழில் என்ன சொல்வது? எத்தன் என்றால் ஏமாற்றுவது மட்டும் நிற்கிறது. கோமாளி என்றால் ஏமாறுவது மட்டும். விகடகவியில் பேச்சுச் சாமர்த்தியம் உண்டு, பசி இல்லை. ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே உடம்பில் இருப்பதற்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. எத்தன் என்றே வைத்துக்கொள்கிறேன், அரைமனதோடு.

ராடினுக்கு முன்பே கேள்வியைச் சரியாகக் கேட்டவர் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தாம்சன் ஆற்றுப் பழங்குடிக் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு 1898இல் எழுதிய முன்னுரையில் அவரை உறுத்தியது இதுதான்: மனிதனுக்கு நெருப்பையும் உணவையும் தந்த உபகாரியும், அற்பத்தனமான பெருந்தீனிக்காரனும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும்? போவாஸின் விடை எளிமையானது. அவன் யாருக்கும் உபகாரம் செய்யக் கிளம்பவே இல்லை. தன் வயிற்றுக்காகச் செய்தது தற்செயலாகப் பிறருக்கும் பயன்பட்டது. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நாரதருக்கு நோக்கம் உண்டு, எத்தனுக்குப் பசி மட்டுமே.

ராடினின் நூலுக்கு உளவியலாளர் கார்ல் யுங்கும் தொன்மவியலாளர் கார்ல் கெரெனியும் விளக்கவுரை எழுதினார்கள். கெரெனிக்கு எத்தன் ஒழுங்கின்மையின் ஆவி, எல்லைகளின் பகைவன். யுங்குக்கு அவன் மனித மனம் தாண்டி வந்துவிட்ட பழைய நிலையின் நிழல். யுங்கின் இந்த வாதம்தான் இன்றுவரை வெகுஜன நூல்களில் அதிகம் புழங்குகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் எந்தக் கட்டத்திலும் தேங்கிப்போனவர்கள் அல்லர், என்ன சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்து சொன்ன பெரியவர்கள். மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1955இல் வேறு வழியில் போனார்: வட அமெரிக்கக் கதைகளில் கொயோட் என்ற சிறு ஓநாயும் அண்டங்காக்கையும் ஏன் எத்தர்கள்? இரண்டும் பிணந்தின்னிகள். மாமிசம் தின்றாலும் தாமே கொல்வதில்லை, ஆகவே புல் தின்பவற்றுக்கும் வேட்டையாடுபவற்றுக்கும் நடுவில் நிற்கின்றன. கச்சிதமான விளக்கம். கொயோட் நன்றாகவே வேட்டையாடும் என்பதுதான் சங்கடம்.

1980இல் மானிடவியலாளர் தாமஸ் பைடெல்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் ககுரு மக்களை முன்வைத்து, எத்தன் என்ற பொதுவகையே தேவைதானா என்று கேட்டார். ஒவ்வொருவனையும் அவனவன் ஊரில் வைத்துப் பார்ப்போம், ஒரே குடும்ப அட்டையில் சேர்க்க வேண்டாம் என்பது அவர் கட்சி. 1993இல் வில்லியம் ஹைன்ஸும் வில்லியம் டோட்டியும் தொகுத்த நூலில், ஹைன்ஸ் ஆறு அடையாளங்களைப் பட்டியலிட்டு அந்த அட்டையைப் புதுப்பித்தார். பட்டியலை இங்கே தரப்போவதில்லை. அதில் ஏறக்குறைய யாரையும் பொருத்திவிடலாம் என்பதே அதன் பலவீனம்.

பைடெல்மனின் எச்சரிக்கையை எளிதாகத் தள்ள முடியாது. யொரூபா மக்களின் எஷு, நாற்சந்தியின் தெய்வம், பலிகளை மேலுலகுக்கு எடுத்துச் செல்பவன். ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமான தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு நண்பர்களுக்கு நடுவே நடந்து போய், தொப்பி என்ன நிறம் என்று அவர்களை அடித்துக்கொள்ள வைத்தவன். பைபிளை யொரூபாவில் மொழிபெயர்த்தபோது சாத்தானுக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். பொதுப்பெயர் சூட்டுவதில் இப்படியும் ஓர் ஆபத்து இருக்கிறது.

இருந்தாலும் ஓர் ஒற்றுமை எனக்குத் தட்டுப்படுகிறது. அது தந்திரம் அல்ல, தடுக்கி விழுவது. கானாவின் அசாந்தி மக்களின் சிலந்தி அனான்சியை எடுத்துக்கொள்வோம். கதைகளெல்லாம் வான்கடவுளிடம் இருந்தன. விலை: மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம், கண்ணுக்கெட்டாத வனமோகினி. பெரிய ஊர்களாலேயே கொடுக்க முடியாத விலையை இந்தச் சுண்டைக்காய்ச் சிலந்தி கொடுக்கிறது. கொசுறாகத் தன் தாயையும் சேர்த்துக் கொடுக்கிறது! பாம்பை ஒரு கழியோடு நீளம் அளக்கிறேன் என்று ஏய்த்துக் கட்டுகிறது. மோகினிக்குப் பிசின் தடவிய பொம்மை; பொம்மை பதில் பேசவில்லையே என்று அவள் அறைய, கை ஒட்டிக்கொள்கிறது.

ஆர். எஸ். ராட்ரே 1930இல் வெளியிட்ட அசாந்தித் தொகுப்பில் இக்கதையைப் படிக்கும்போது கண்ணில் படுவது அனான்சி அல்ல, அவன் மனைவி அசோ. யோசனை அவளுடையது. இவன் போய்ச் செய்துவிட்டு வருகிறான். எத்தர்கள் பெரும்பாலும் ஆண்களே என்று, எத்தர்களைப் பற்றி நூல் எழுதிய லூயிஸ் ஹைட் உட்படப் பலர் எழுதியிருக்கிறார்கள். சுமேரியப் பெண்தெய்வம் இனன்னா, என்கியைக் குடிக்க வைத்து நாகரிகத்தின் நியதிகளையெல்லாம் படகில் ஏற்றிக் கொண்டுபோன கதை இருக்க, இதை எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது? பெயர் கணவனுக்கு, யோசனை மனைவிக்கு என்பது வேறெங்கும் பார்த்திராத ஏற்பாடும் அல்ல.

இதே அனான்சி ஒரு தடவை உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, மர உச்சியில் ஒளிக்கப் போகிறான். பானையை வயிற்றில் கட்டிக்கொண்டதால் ஏற முடியவில்லை. கீழே நின்ற மகன், முதுகில் கட்டிக்கொண்டால் என்ன என்கிறான். அறிவு முழுக்கத் தன் பானையில் இருக்கும்போது இந்தப் பொடியனுக்கு எங்கிருந்து வந்தது? ஆத்திரத்தில் பானை நழுவி உடைகிறது, அறிவு ஊரெல்லாம் சிதறுகிறது.

அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு அனான்சி ஜமைக்காவுக்குப் போனான். எஜமானனை எதிர்த்துப் பேச முடியாதவர்களுக்குச் சிறியவன் பெரியவனை ஏய்க்கும் கதை வேறுவிதமாகக் காதில் விழுந்திருக்கும். பிசின் பொம்மை அமெரிக்கத் தெற்கில் தார் பொம்மை ஆயிற்று. அங்கே ஒட்டிக்கொள்வது முயல், அதாவது எத்தனே. ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரர் 1880இல் அச்சேற்றிய அந்தப் பிரெர் முயல் கதைகளை டிஸ்னி 1946இல் படமாக்கி, தோட்ட அடிமைமுறைக்குச் சர்க்கரை பூசியதாக வாங்கிக் கட்டிக்கொண்டது. புத்த ஜாதகத்திலும் ஐந்து ஆயுத இளவரசன் ஒருவன் ஒட்டும் மயிர் கொண்ட யட்சனிடம் கை, கால், தலை என்று ஐந்தும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறான். அங்கிருந்துதான் தார் பொம்மை கிளம்பியதா என்று அறிஞர்கள் நிறையவே சண்டை போட்டார்கள்.

வட ஐரோப்பிய (நார்ஸ்) தெய்வக்கதைகளின் லோகிக்கு வருவோம். 1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி எழுதிய ‘எட்டா’ என்ற நூலில், லோகி விளையாட்டாக இடித்தெய்வம் தோரின் மனைவி சிஃபின் கூந்தலை வெட்டிவிடுகிறான். உயிர் பிழைக்க, குள்ளர்களிடம் தங்கக் கூந்தல் செய்து வாங்கப் போகிறான். அந்தப் பேரத்தில்தான் தோரின் சுத்தியலும் கிடைக்கிறது. பந்தயத்தில் தலையை வைத்துத் தோற்றவன், தலைதான் உனக்கு, கழுத்து இல்லை என்று வக்கீல் வாதம் பேசுகிறான். குள்ளன் உதட்டைத் தைத்துவிடுகிறான். தேவர்களின் பொக்கிஷம் பாதி இவன் செய்த தப்புகளின் உபரி வருமானம்.

மார்வெல் காமிக்ஸ் 1962இல் இவனைத் தோரின் வில்லனாக்கியது. 2011 முதல் டாம் ஹிடில்ஸ்டன் நடிப்பில் அழகனானான், பாசத்துக்கு ஏங்கும் தத்துப்பிள்ளையானான், ரசிகர்களைச் சேர்த்தான். குதிரையாக மாறிக் குட்டி போட்ட லோகியை, தைத்த உதட்டு லோகியைப் படங்களில் தேடிப் பயனில்லை. 2023இல் முடிந்த தொடரில் அவனை ஒரு சிம்மாசனத்தில் உட்கார வைத்து, காலத்தின் இழைகளையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு அண்டத்தைக் காப்பவனாக்கிவிட்டார்கள். உருக்கமான காட்சிதான். ஆனால் நிலைகொள்ளாமல் அலைந்தவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனையைக் குள்ளனாலும் யோசித்திருக்க முடியாது.

தென்னிந்தியாவைப் பற்றி இத்துறையில் முதலில் எடுக்க வேண்டிய நூல் டேவிட் ஷுல்மன் 1985இல் வெளியிட்ட, அரசனையும் கோமாளியையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு. தெனாலிராமன் ஆயிரம் முகக் காளியைப் பார்த்து, சளி பிடித்தால் இத்தனை மூக்கை எப்படிச் சிந்துவாய் என்று சிரித்த கதை நமக்குத் தெரியும். அவள் வைத்த விகடகவி என்ற பெயர் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றேதான். பள்ளிப் புத்தக ராமன் எப்போதும் ஜெயிக்கிறான், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சலிப்பு. நாரதரே பரவாயில்லை: இலிங்க புராணத்தில் அவரும் பர்வத முனிவரும் ஒரே பெண்ணை விரும்பி, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விஷ்ணுவிடம் போய், மற்றவனுக்குக் குரங்கு முகம் தா என்று கேட்கிறார்கள். இரண்டு குரங்கு முகங்கள் சுயம்வரத்துக்கு வந்து சேர்கின்றன.

இந்த வம்சத்துக்கு நம் காலத்து வாரிசு யாரென்று கேட்டால், ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலு செய்த கைப்புள்ளையைச் சொல்வேன். வீறாப்பாகப் புறப்படுகிறான், திட்டம் போடுகிறான், அடி வாங்கித் திரும்புகிறான், மறுநாள் மறுபடி புறப்படுகிறான். வக்ஜுன்ககாவும் தலையைக் கடமான் மண்டையோட்டுக்குள் மாட்டிக்கொண்டு தடுமாறிய பிறகு இப்படித்தான் அடுத்த ஊருக்கு நடந்தான்.

நாட்டார் வழக்காற்றியலாளர் பாரே டோல்கன் நவஹோ கதைசொல்லி யெல்லோமேனிடம் பல ஆண்டுகள் கொயோட் கதைகளை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அக்கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லலாம். வேறு பருவத்தில் சொன்னால் தீங்கு வரும். நாடாவுக்குப் பருவம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கோடையிலும் போட்டுக் கேட்கலாம். அறிஞர்கள் அவருடைய ஆய்வுகளை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தபோதே, 1990களின் இறுதியில் டோல்கன் அந்த நாடாக்களையெல்லாம் மூட்டை கட்டி, யெல்லோமேனின் மனைவியிடமே திருப்பி அனுப்பிவிட்டார்.