மாதமா, கவாத்து நாளா? திராட்சைக் கையேடு பற்றி ஒரு விமர்சனம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் திராட்சைப் பகுதியைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் விவசாயி இல்லை, பயிர் நோயியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு ஆவணம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று தேடிப் பார்ப்பது தொழில் பழக்கம். அந்தக் கண்ணோடு எழுதிய குறிப்பு இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மருந்துகளும் அளவுகளும் தெளிவாக இருக்கின்றன. 1 சத போர்டோ கலவை என்றால் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். யாரும் குழம்ப வேண்டியதில்லை.

சிக்கல் காலக்கணக்கில்தான். கையேட்டின்படி கவாத்துக்கு இரண்டு பருவம். டிசம்பர்-ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல்-மேயில் அறுவடை. மே-ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்-செப்டம்பரில் அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் நடப்பது வேறு. சுருளிப்பட்டியிலிருந்து ராயப்பன்பட்டி வரை ஒரு சுற்று போய் வாருங்கள். ஒரு பந்தலில் துளிர், அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பழம் பறிக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையே வருஷம் முழுக்க அறுவடை என்பதுதானே?

இது வெறும் கணக்குப் பிழை இல்லை. அடிச்சாம்பல் நோய்ப் பூஞ்சாணத்துக்கு உயிருள்ள பச்சைத் திசு வேண்டும், இலையில் ஈரமும் வேண்டும். சாம்பல் நோய்க்கு ஈரம்கூடத் தேவையில்லை, நிழலான அடர்ந்த பந்தல் போதும். ஆக ஆபத்தை முடிவு செய்வது கொடியின் வயசும் அந்த வாரத்து வானிலையும். அக்டோபர் மழையில் இளந்துளிரோடு நிற்கும் கொடியும் அதே மழையில் பழுக்கும் கொடியும் ஒன்றல்ல. மாதப் பெயர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. போதாக்குறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எப்போதும் துளிர் இருப்பதால் நோய்க்கு ஓய்வே கிடைப்பதில்லை.

நாசிக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் காய்ப்புக் கவாத்து; ஊரே ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெட்டுகிறது. அப்படியிருந்தும் புனேயிலுள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் வாராவாரம் வானிலையையும் கவாத்துக்குப் பிந்தைய நாள் எண்ணிக்கையையும் வைத்து ஆலோசனை தருகிறது. ஒரே பருவம் உள்ள ஊருக்கே அது தேவைப்படுகிறது என்றால், பருவமே கலைந்துபோன கம்பத்துக்கு எவ்வளவு தேவை!

கையேடு பதில் சொல்லாத இடத்தில் மருந்துக்கடை பதில் சொல்கிறது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, கேட்பவருக்கு அவர்தான் கிட்டத்தில் இருக்கிறார். ஆனால் மெட்டலாக்ஸில்-மேன்கோசெப் கலவை பல வணிகப் பெயர்களில் வருகிறது. டப்பாவை மாற்றியவர் மருந்தை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார். பூஞ்சாணத்துக்கு அது பழைய மருந்துதான். மெட்டலாக்ஸிலுக்கு அடங்காத அடிச்சாம்பல் 1980களின் தொடக்கத்திலேயே பிரான்ஸில் வந்துவிட்டது. செலவு விவசாயிக்கு, எச்சம் பழம் தின்னும் குழந்தைக்கு.

என் யோசனை மூன்று. ஒன்று, அட்டவணையை மாதத்தில் அல்லாமல் கவாத்து நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு, ஒவ்வொரு மருந்துக்கும் அது செயல்படும் விதத்தின் குழு எண்ணையும், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மூன்று, ஆனைமலையன்பட்டியில் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாராந்திர ஆலோசனை அங்கிருந்தே வரலாம்.

"வெட்டி 28 நாள் ஆச்சு, ரெண்டு நாளா சாரல், என்ன அடிக்கணும்?" இந்தக் கேள்விக்கு ஒரே பக்கத்தில் பதில் கிடைத்தால் அது கம்பத்துக்கான கையேடு. இப்போது இருப்பது திராட்சைக்கான கையேடு, அவ்வளவுதான்.